ஒரே ஒரு பேர்

"ஹலோ... ஆமா மேடம், நான்தான்... சொல்லுங்க, சொல்லுங்க... சேச்சே, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான் உக்காந்திருக்கேன்... ஆமா... தனியாத்தான் இருக்கேன்."

அவர் தனியாக இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை முன்னேற்றக் குழுவின் முன்னால் காட்டவேண்டிய படங்களைத் தன் ஆய்வு நெறியாளரான அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று வந்திருந்தாள். பாதியில் மேசைத் தொலைபேசி அடித்தது. துறைத்தலைவிதான் கூப்பிடுகிறார் என்று தெரிந்ததும் மரியாதைக்கு எழுந்து வெளியே போகப் பார்த்தாள். அவர் கையைக் கீழே அமர்த்தி, உட்கார் என்று சைகை காட்டினார். அப்படிக் காட்டிய மூச்சிலேயே தனியாக இருப்பதாகவும் சொன்னார்.

உட்கார்ந்தவளுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரையில் இருந்த துருப்பிடித்த தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம், மறக்கல. நாளைக்குக் காலையில... ஆமா... என்கிட்ட இருக்கறதே ரெண்டு பேர்தானே. ஒண்ணு நம்ம உலைக்காரன், இன்னொண்ணு துருப்பொண்ணு... ஹா ஹா, ஆமா, பசங்க வச்ச பேருதான், எனக்கும் அதுவே வாயில வந்துடுது... ரெண்டு பேரும் தயாரா இருக்காங்க மேடம்... ஆமா... ஆமா... என்னது? மேலேர்ந்தா?"

உலோகவியல் துறையில் அவள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் நடக்கிறது. பூச்சு பூசிய இரும்புத் தகடுகள், பெட்டிக்குள் அடைத்த உப்புக் காற்றில் எப்படித் துருப்பிடிக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதனால் துருப்பொண்ணு. உலைக்காரர் துறையில் சேர்ந்ததில் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவர். கல்யாணமாகி, நடை பழகும் மகளும் இருக்கிறாள். உலோகக் கலவையை உலையில் நாள்கணக்கில் சூடேற்றி, பக்கத்திலேயே காவல் இருந்து பார்ப்பது அவர் வேலை. அவள் அவரை உலையண்ணன் என்று கூப்பிடுவாள். அவரும் என்னம்மா துரு என்பார்.

"மேலேர்ந்து கேட்டா என்ன மேடம், எல்லாருக்கும் 'திருப்தி'ன்னு வந்தா நம்ம துறைக்குப் பெருமைதானே... ஹா ஹா... அது சரி... எல்லாரும் பாஸ்னா பரீட்சை எதுக்குன்னு கேட்டாங்களா?... ஹா ஹா ஹா... நல்லாக் கேட்டாங்க... ஆமா... ஆமாமா... என்ன மேடம்?... ஒரு ஆளுக்கு ஒண்ணா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்த தொலைபேசிக் கம்பியும் சுற்றியபடியே நின்றது.

"புரியுது... புரியுது மேடம்... ஒவ்வொரு நெறியாளரும் ஒரு பேர். 'திருப்தி இல்லை'ன்னு. நாளைக்குக் குழு உக்காரறதுக்கு முன்னாடியே... சரி... ஆனா மேடம், என் பசங்க ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆளுக்கு ஒண்ணு விழுந்திருக்கே. ரெண்டாவது விழுந்தா எச்சரிக்கை இல்லையே, பதிவே ரத்தாயிடுமே... ஆமா, விதி தெரியும் உங்களுக்கு. உங்ககிட்டயே நான் விதி சொல்றேன் பாருங்க."

அந்த விதியைத் துறையில் எல்லாரும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். வருஷத்துக்கொரு முறை குழு கூடும். இரண்டு தடவை 'திருப்தி இல்லை' என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதல் வருஷம் வாய்மொழித் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டு பதில் வராமல் நின்றதற்காக அவளுக்கு ஒன்று விழுந்திருந்தது. உலையண்ணனுக்குப் போன வருஷம் விழுந்தது. அரை வருஷம் உலையை மூடிப் போட்டுவிட்டு எந்த வேலையும் காட்டவில்லை என்பதற்காக.

ரிசீவரில் மேடத்தின் குரல் தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்த வண்டு மாதிரி முணுமுணுத்தது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. இந்தப் பக்கத்துப் பேச்சை வைத்தே மறுபக்கத்தைத் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"யாரு, துருப்பொண்ணா?"

அவர் கண் அவள் கண்ணைத் தொட்டுவிட்டு விலகியது. இந்த ஒன்றுக்காகத்தான் உட்காரச் சொன்னாரோ, தன் பக்கம் அவர் நின்று பேசுவதை அவளும் கேட்கட்டும் என்று?

"இல்ல மேடம், அது மட்டும் வேண்டாம். முதல் வருஷம் திணறினா, நான் மறுக்கல. ஆனா இப்போ அவ வேலையைப் பாருங்க... உப்புப் பெட்டியை எடுத்துக்குங்க. தினம் தண்ணி ஊத்தணும், தகடு தகடா எடுத்துப் பாக்கணும், ஒரு நாள் நின்னுச்சோ மொத்தமும் பாழு. போன வருஷம் நான் இங்க இல்லாத அந்த அரை வருஷத்துலயும் பெட்டி ஒரு நாள் நிக்கல மேடம்! லீவு நாள்ல கூட வந்திருக்கா. இந்தக் காலத்துல யாரு செய்வா? அந்தப் பொறுப்பு ஒண்ணு போதாதா... ஆமா... அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அவள் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அரை வருஷம் அவள் ஆய்வகத்தில் இல்லவே இல்லை. அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்று தம்பி அழுதுகொண்டே கூப்பிட்டான். பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மாற்று உடை ஒன்றோடு கிளம்பியவள் திரும்ப முடியவில்லை. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட ஆள் வேண்டும், ஊட்டிவிட ஆள் வேண்டும். தம்பிக்கு வேலை. முறையாக விடுப்புக் கேட்டால் இத்தனை மாதம் கிடையாது. அளவுக்கு மேல் போனால் உதவித்தொகையும் போகும், பதிவும் போகும். நெறியாளரோ அப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். போனில் அவள் விக்கி விக்கிப் பேசியதைக் கேட்டுவிட்டு உலையண்ணன் ஒரே பேச்சில் முடித்தார்: "பெட்டியை நான் பாத்துக்கறேன். நீ அம்மாவைப் பாரு. யார்கிட்டயும் வாயைத் தொறக்காதே."

பெட்டி ஆய்வகத்தின் ஒரு கோடியில், உலை வேறொரு கட்டடத்தில். ஓர் ஆள் இரண்டு இடத்தில் காவல் இருக்க முடியாது. அவர் உலையை அணைத்துவிட்டார். திரும்பி வந்த நெறியாளர் ஏன் என்று கேட்டபோது தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டில் கொஞ்சம் பிரச்சினை சார் என்றார். குழு அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. எழுதவேண்டியதை எழுதியது.

"அப்போ... உலைக்காரனா?... இல்ல மேடம், அப்படி இல்ல. நம்ம பையன் நல்ல பையன்... வயசா? ஆமா, கொஞ்சம் ஆயிடுச்சு... ஆமா, கட்டுரை இன்னும் வரல. அனுப்பியிருக்கான், பதில் வரணும்... ஆமா, பதில் வந்தாத்தான் கணக்கு... சின்னக் குழந்தை வேற இருக்கு மேடம்... இல்ல இல்ல, அதெல்லாம் ஒரு காரணமில்லதான், சும்மா சொன்னேன்."

அப்பாடா என்றது அவள் மனசு.

அவள் கேட்டுக்கொண்டு அது சொல்லவில்லை. தானாகவே சொல்லிவிட்டது, சொன்னதைக் கேட்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தக் குழந்தை காலைக் கட்டிக்கொள்ள, அவர் மனைவி கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள். இப்போதும் அவர் அந்தக் கட்டடத்தில் உலைக்கு முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பார். பேர் ஒன்று கைமாறிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"என்னோடதா?... என் பதவி உயர்வுக்கும் இதுக்கும் என்ன மேடம்... இல்ல, நீங்க அப்படிச் சொல்லல... ஐயோ, நான் அப்படி எடுத்துக்கல மேடம்... உங்க கையெழுத்துதான், தெரியும்... ஆமா... ஆமா... ஆமா."

நாலு வருஷத்தில் அவள் இவரைப் படித்து வைத்திருந்தாள். நிம்மதியாக இருந்தால் ஓர் ஆமா போடுவார். பயம் ஏற ஏற ஆமாவும் ஏறும். இப்போது நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தொலைபேசிக் கம்பி மேசை மேல் இழுபட்டு, பேனாக் குவளையைச் சாய்த்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பிடரியும், பிடரியில் ஒட்டியிருந்த ஈரச் சட்டையும்.

"நீங்க சொல்றதும் சரிதான்... ஆமா, உலையை மூடிட்டு அரை வருஷம் எங்க போனான்னு எனக்கே தெரியாது... கேட்டா ஒழுங்கா பதில் சொன்னதில்ல... ஆமா, பொறுப்பு வேணும்... அந்த ஆளுக்கு என்ன மேடம், வெளில போனா ஏதாவது வேலை கிடைக்கும்... ஆமா... ஆமா... நல்லதுக்குத்தான்."

நம்ம பையன், உலைக்காரன், அந்த ஆள். ஒரே பேச்சுக்குள் ஒரு மனிதனை இப்படிப் படிப்படியாக வாசலுக்குக் கொண்டுபோய் விட முடியும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

"சரி மேடம். எழுதிடறேன்... அந்த ஆள் பேரையே..."

"சார்" என்றாள் அவள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் இருப்பதையே மறந்துபோனவர் போல ஒரு பார்வை. சட்டென்று ரிசீவரின் பேசுகுழலைக் கையால் பொத்தினார், பிறகு எடுத்தார்.

"ஒண்ணுமில்ல மேடம், வெளில யாரோ... வராந்தாவுல... சொல்லுங்க."

"சார், அந்த அரை வருஷம் பெட்டியைப் பாத்துக்கிட்டது நான் இல்ல."

"ஒரு நிமிஷம் மேடம். ஒரே நிமிஷம்."

மறுபடி பொத்தினார். அவள் சொல்லிவிட்டாள். அம்மா விழுந்தது, தான் போனது, போய் இருந்துவிட்டது, உலை ஏன் அணைந்தது. நினைத்ததைவிடச் சுருக்கமாகவே முடிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இப்போ எதுக்கு இதைச் சொல்ற? உன்னைக் காப்பாத்தியாச்சு, புரியுதா? வாயை மூடிக்கிட்டு உக்காரு. நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல."

அப்போதுதான் இருவருமே ஒரே நேரத்தில் கவனித்தார்கள். தீப்பெட்டி வண்டு நின்றுபோயிருந்தது. அவர் கை பொத்தியிருந்தது பேசுகுழலை அல்ல. பதற்றத்தில் கொஞ்சம் நழுவி, வெறும் கைப்பிடியைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனார்.

"மேடம்?... இருக்கீங்களா?... ஆமா... இல்ல, அது வந்து... ஆமா மேடம்... ஆமா. இங்கதான் இருக்கா."

ரிசீவரை அவளிடம் நீட்டினார். வாங்கும்போது அது அவர் வேர்வையில் வழுக்கியது.

"ஹலோ... வணக்கம் மேடம்... ஆமா, நான்தான்... முதல்லேர்ந்தேதான் இருக்கேன் மேடம்... ஆமா, எல்லாம் கேட்டேன்."

நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாவா?... இப்போ பரவாயில்ல மேடம். வலது கை இன்னும் வரல, பேச்சு தெளிஞ்சிருக்கு... தம்பி கூட இருக்கான்... ஆமா, மருந்தெல்லாம் ஒழுங்காத்தான்... ரொம்ப நன்றி மேடம்... நீங்க கேட்டதே பெருசு."

குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அவள் கண்ணில் நீர்கூடத் துளிர்த்தது. சொன்னது நல்லதாகப் போயிற்று என்று ஒரு கணம் நம்பினாள். ஊசி போடுகிறவர்கள் முதலில் நரம்பைத் தடவித்தான் பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

"இல்ல மேடம், உலையண்ணன் சொல்லச் சொல்லல. நான் சொல்றதே அவருக்குத் தெரியாது... ஆமா. அந்த அரை வருஷத்து அளவெல்லாம் அவர் எடுத்ததுதான்... ஆமா, என் பேர்லதான் இருக்கு... பொய்யில்ல மேடம். அளவு அத்தனையும் சரி, எடுத்த கைதான் வேற... தெரியும்... தெரிஞ்சேதான் சொல்றேன். எனக்கு என்ன எழுதணுமோ எழுதிக்குங்க, அவர் பேரை மட்டும்..."

நிறுத்தினாள். கேட்டாள். சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப மறுபடி மறுபடி உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"அவர் மேலயுமா?... அவர் என்ன மேடம் செஞ்சாரு? எனக்கு உதவிதானே... அது எப்படி மோசடி ஆகும்?... இல்ல, எதிர்த்துப் பேசல... அந்த அளவை வச்சு எழுதின என் கட்டுரையையும் திரும்ப வாங்கணுமா?... ஆமா, சார் பேரும் அதுல இருக்கு... சாருக்குத் தெரியாது மேடம்! சத்தியமாத் தெரியாது, அவர் ஊர்லயே இல்ல... தெரியாம இருந்ததுதான் தப்பா?"

நெறியாளர் கண்ணைத் திறந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மூணு பேருமா?... குழு முன்னாடியா, தனியாவா?... சரிங்க மேடம்... அதுவரைக்கும் ரெண்டு பேர் பதிவையும் நிறுத்தி... சரி... மேடம், நீங்க ஒரு பேர்தானே கேட்டீங்க... இல்ல... இல்ல, மரியாதை இல்லாம சொல்லல... என்ன மேடம்? ஆய்வகச் சாவியா?... என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு... காவலாளிகிட்டயா?... இப்பவேவா? ஆள் கிளம்பி வர்றாரா?... மேடம், அவர் உலைக்கு முன்னாடி இருக்காரு, விஷயமே தெரியாது, நானே போய் ஒரு வார்த்தை பக்குவமா... மேடம்... ஹலோ... ஹலோ..."

நீளமான ஒரு ஊதல் மட்டும் காதில் ஒலித்தது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அவள் ரிசீவரை இறக்கும் முன்பே நெறியாளர் அதைப் பிடுங்கிக்கொண்டார். காதில் வைத்தார். அந்த ஊதல் அவருக்கும் கேட்டிருக்கும். மேசைக்கு இப்பால் நின்ற அவளுக்கே கேட்டது. ஆனாலும் அவர் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"மேடம்... ஆமா மேடம், நான்தான்... பாத்தீங்களா, எனக்கே இப்பத்தான் தெரியுது... ஆமா... ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு என்னை... ஆமா... நீங்க சொன்னா சரிதான். எனக்குச் சம்பந்தமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களே... ரொம்ப நன்றி மேடம்... ஹா ஹா... அது சரி..."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். தனக்குக் கேட்கட்டும் என்று பேசுகிறாரா, தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சார், லைன் இல்ல சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். காவலாளி அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் போயாக வேண்டும். உலையண்ணன் இதைச் சீருடை போட்ட யாரோ ஒருவர் வாயால் கேட்கக் கூடாது. அவள் வாயால் கேட்கவேண்டும். திட்டினாலும் அவள் முகத்தைப் பார்த்துத் திட்டட்டும். வாயைத் திறக்காதே என்று அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

கதவைத் திறந்து வராந்தாவில் இறங்கி, நடையை ஓட்டமாக மாற்றினாள். முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத தொலைபேசியில், அவர் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"ஆமா மேடம்... ஆமா... ஆமா... ஆமா..."